எனக்கு மேல், அவளுக்குக் கீழ்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். அதிலும் பாதி நாள் போகவில்லை. அதனால் நாடுகளின் பெயர் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. நிறம் தெரியும். பச்சை, வெள்ளை, பச்சை என்று நெடுக்கில் வந்தால் ஒரு நாடு. வெள்ளை நடுவே சிவப்பு வட்டம் வந்தால் ஒரு நாடு. அதே வட்டம் பச்சையில் வந்தால் வேறு நாடு. அந்தப் பச்சைக் கொடியில் மட்டும் வட்டத்தை நட்டநடுவில் வைக்கக் கூடாது, கம்பத்துப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். காற்றில் பறக்கும்போது பார்த்தால் வட்டம் நடுவில் இருப்பது போலவே தெரியுமாம். இதை யோசித்தவர் யாரோ தெரியாது, ஆனால் கட்டாயம் தையல் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

கப்பல்களுக்குக் கொடி தைப்பது என் தொழில். ஒரு கப்பல் எந்த நாட்டுத் துறைமுகத்துக்குள் போகிறதோ, அந்த நாட்டுக் கொடியை ஏற்றிக்கொண்டுதான் உள்ளே நுழையும். அடுத்தவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி அது ஒரு மரியாதை. இங்கிருந்து கிளம்புகிற கப்பலுக்கு அடுத்த ஊர்க் கொடி வேண்டும் அல்லவா? இராயபுரத்தில் கப்பலுக்குச் சாமான் கொடுக்கிற கடைக்காரர் துணியையும் படத்தையும் எனக்குக் கொடுத்தனுப்புவார். காலடிப்பேட்டையில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தைத்துக் கொடுப்பேன். நாற்பது வருஷமாக இதுதான். ஒரு கொடியும் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. இதை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒரு குறை இருந்தது. நான் தைத்த கொடி ஒன்றாவது பறந்து நான் பார்த்ததில்லை. மடித்துக் கொடுப்பேன், கப்பல் ஏறிப் போய்விடும். அது எந்தக் கடலில், எந்தக் காற்றில் பறக்கிறதோ. பொங்கல் செய்து கொடுத்துவிட்டு வாயில் வைத்துப் பார்க்காமலே இருக்கிற மாதிரி நாற்பது வருஷம்.

அதனால்தான் போன மாசிக்குப் பிறகு கப்பல்காரர்கள் வந்து தங்கிப் போகும் இல்லத்து மேடம் என் வீட்டுக்கே வந்து விஷயத்தைச் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களின் ஆட்களை எல்லாம் ஒரு சாயங்காலம் கூப்பிட்டு, எல்லா நாடும் ஒரே குடும்பம், எல்லோரும் சிநேகிதம் என்று விழா வைக்கப் போகிறார்களாம். இல்லத்து முற்றத்தில் வரிசையாகக் கம்பம் நட்டு எல்லா நாட்டுக் கொடியும் ஏற்ற வேண்டும். நம் நாட்டுக் கொடி அவர்களிடமே இருக்கிறது. மற்றது இருபத்திரண்டு.

"எல்லாம் ஒரே அளவு இருக்கணும்மா. பெரிய நாடு, சின்ன நாடுன்னு பார்க்கக் கூடாது. ஒரே நீளம், ஒரே உயரம். ஒண்ணு அரை அடி தாழ்ந்தாலும் அந்த ஊர்க்காரங்க மனசு கஷ்டப்படும்" என்றார் மேடம்.

எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. பந்தியில் எல்லோருக்கும் ஒரே அளவு இலை போடுகிற மாதிரி. ஒரே ஒரு நாடுதான் பேஜார் பண்ணியது. இரண்டு முக்கோணத்தை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கின மாதிரி ஒரு கொடி. அதை எப்படி மற்றதோடு சேர்த்து ஒரே அளவு ஆக்குவது? அந்த நாட்டுக்குக் கடலே கிடையாதாம்.

"கடலே இல்லாத ஊருக்கு இன்னாத்துக்கு மேடம் கப்பல் கொடி?" என்று கேட்டேன்.

"அந்த ஊர்க்காரர் ஒருத்தர் கப்பல்ல வேலை செய்யறாரும்மா."

ஒருத்தருக்காக ஒரு கொடி. சரி என்றேன்.

இங்கே என் எதிர் வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் நெட்டுக்குப்பத்தில் பிறந்தவள். வலை பின்னுகிற வீட்டுப் பெண், கயிறு அவள் கை சொன்னபடி கேட்கும். என்னைவிட இரண்டு வயது சின்னவள், வாய் மட்டும் பத்து வயது மூத்தது. கொடியைத் தைப்பது நான், கொடிக்குக் கயிறு கோப்பது அவள். கம்பத்துப் பக்க ஓரத்தை மடித்துத் தைத்தால் ஒரு குழாய் மாதிரி வரும். அதற்குள் கயிற்றை விட வேண்டும். கயிற்றின் மேல் முனையில் விரல் நீளத்துக்கு ஒரு மரக்கட்டை, கீழ் முனையில் ஒரு வளையம். கட்டை கம்பத்தின் உச்சி வளையத்தில் மாட்டும், கீழ் வளையம் கொக்கியில் மாட்டும். கட்டை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் மேலே. அதில் பேச்சே இல்லை.

நாங்கள் இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, கொடியை இருவர் மடியிலும் விரித்துப் போட்டு வேலை செய்வோம். நான் ஒரு முனை, அவள் ஒரு முனை. வருஷக்கணக்காக அப்படித்தான். அந்த வாரம் ஒரே கும்மாளம். விழாவுக்கு என்ன புடவை கட்டுவது, தெருவில் யார் யாரை இட்டுப் போவது, வாசல்படியில் கால் தடுக்காமல் எப்படி ஏறுவது என்று பேசிப் பேசி வாய் ஓயவில்லை.

"யக்கா, மேடையில ஒன்ன கூப்ட்டு பேசச் சொன்னா இன்னா பேசுவ?"

"வந்தவங்க எல்லாரும் நல்லா துன்னுட்டு போங்கன்னு சொல்வேன்."

"அவுங்க ஊரு பாஷையில சொல்லணும் மே."

"துன்றதுக்கு பாஷை எதுக்கு? கையைக் காட்டுனா போதும்."

சிரித்துச் சிரித்து அவள் கயிற்றையும் விட்டாள், நான் ஊசியையும் விட்டேன். ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்ணும் கருத்துமாக இருந்தேன். சிவப்பு மேலே, வெள்ளை கீழே என்று ஒரு நாடு இருக்கிறது. வெள்ளை மேலே, சிவப்பு கீழே என்று இன்னொரு நாடு. கட்டை மாறினால் நாடே மாறிவிடும். அந்த இரண்டையும் தனித்தனியாக எடுத்து வைத்து, மும்முறை பார்த்து, அவளையும் பார்க்க வைத்தேன். பூனை அந்தப் பக்கம் வராமல் அடுக்களையின் முன் கதவைப் பூட்டிவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதைதான்.

விழா அன்று இரண்டு ஷேர் ஆட்டோவில் எங்கள் தெருப் பெண்கள் ஒன்பது பேர் புறப்பட்டோம். மத்தியானத்திலேயே எல்லோரும் தலையில் பூ. ஆட்டோக்காரர் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். "இருவத்திரெண்டு நாட்டுக்கு கல்யாணம், ஒரே மண்டபத்துல" என்றாள் எதிர் வீட்டுக்காரி. தண்டையார்பேட்டை தாண்டும்வரை அந்த மனுஷன் யோசித்துக்கொண்டே ஓட்டினார்.

முற்றத்துக்குள் கால் வைத்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

சுண்ணாம்பு அடித்த சுவரோரமாக, மணல் நிரப்பிய பெயின்ட் டப்பாக்களில் வரிசையாகக் குழாய்க் கம்பங்கள். ஒவ்வொன்றிலும் என் கொடி. கிழக்கே கடலிலிருந்து மூன்று மணிக் காற்று கிளம்பியிருந்தது. இருபத்திரண்டும் ஒரே பக்கம் திரும்பி, படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. நான் வெட்டிய நட்சத்திரம், நான் ஒட்டுப்போட்ட பிறை, என் கை பட்ட ஒவ்வொரு தையலும் உயிர் வந்து ஆடியது. பச்சைக் கொடியின் வட்டம் நடுவுக்கு வந்திருந்தது. இரண்டு முக்கோணக் கொடிகூட மற்றவற்றுக்குச் சமமாக, குட்டி வால் போல ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு நடக்கவே தோன்றவில்லை. குதிக்க வேண்டும் போல இருந்தது. அறுபத்தெட்டு வயதில் குதித்தால் யார் தூக்குவது என்று நினைத்து அடக்கிக்கொண்டேன்.

"பாத்துக்கோங்கடி, நாப்பது வருசத்துல ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல" என்று தெருப் பெண்களிடம் ஒருமுறை சொன்னேன். மேடமிடம் ஒருமுறை சொன்னேன். கப்பல் ஆட்களைத் துறைமுக வாசலிலிருந்து இல்லத்து வண்டியில் ஏற்றி வருகிற டிரைவர் அண்ணன் அப்போதுதான் ஒரு கும்பலை இறக்கிவிட்டார். அவரிடமும் சொன்னேன்.

அந்தக் கும்பலில் பதினோரு பேர். வந்தவர்களிலேயே பெரிய கூட்டம் அதுதான். எல்லோரும் ஒரே நாடு, பிலிப்பைன்ஸ் என்று டிரைவர் சொன்னார். முன்னால் வந்தவர் குள்ளமாய், உருண்டையாய், கப்பல் சமையல்காரர். அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே கொடி வரிசையைப் பார்த்து நடந்தார்கள். ஒரு கம்பத்தின் அருகில் வந்ததும் பதினோரு பேரும் ஒன்றாய் நின்றார்கள். சிரிப்பும் நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சமையல்காரர் டிரைவரைத் தனியே அழைத்துக் காதில் ஏதோ சொன்னார்.

டிரைவர் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார். "ஆயா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லு நைனா."

"அவுங்க கொடி தலகீழா கீதாம். நீலம் மேல வரணுமாம், செவப்பு கீழ. அவுங்க ஊர்ல செவப்பு மேல ஏத்துனா இன்னா அர்த்தம் தெரியுமா? சண்டை ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தமாம்."

நான் அண்ணாந்து பார்த்தேன். கம்பத்தை ஒட்டி வெள்ளை முக்கோணம், அதற்குள் மஞ்சள் சூரியன், மூலைக்கு ஒன்றாக மூன்று நட்சத்திரம். அதைத் தலைகீழாகத் திருப்பினாலும் முக்கோணம் முக்கோணம்தான், சூரியன் சூரியன்தான். நிறம் ஒன்றுதான் காட்டிக் கொடுக்கும். சிவப்பு மேலே நின்று, காற்றில் எல்லாவற்றையும்விட ஜோராகப் பறந்துகொண்டிருந்தது. சிநேகித விழாவில் நான் யுத்தம் அறிவித்திருந்தேன்.

என் தெருப் பெண்கள் எட்டு பேரும் பின்னால் நிற்கிறார்கள். என் காது இரண்டும் சுட்டது.

"இத்த கோத்தது யாரு?" என்று எதிர் வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்த்தேன்.

"கோத்தது நானு. இதான் மேலன்னு காட்டுனது நீ."

"என் பக்கம் மேலன்னு சொன்னேன்."

"நீ சொன்னது ஒன் பக்கமா என் பக்கமான்னு எனுக்கு எப்டி தெரியும்? ஒனுக்கு மேல, எனுக்கு கீழ. எதுத்தாப்ல உக்காந்தா அப்டித்தான."

"பக்கத்துல உக்காந்தா ஒன் வாய் நாத்தம் தாங்குமா?"

"பொகையில போடறது நீயி. வாய் நாத்தம் எனுக்கா?"

எங்கள் பாஷை அந்தக் கப்பல்காரர்கள் யாருக்கும் தெரியாது. ஆனால் சண்டை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கறுப்பு நட்சத்திரக் கொடிக்காரர் ஒருவர், பனைமரம் போல உயரம், கப்பலில் கயிறு வேலைக்கெல்லாம் தலைவராம், இரண்டு கையையும் தூக்கிச் சரணடைந்தவர் மாதிரி நின்றார். சமையல்காரர் சாப்பாட்டு மேஜையிலிருந்த கரண்டியை எடுத்துத் துப்பாக்கியாகப் பிடித்து அவரைச் சுட்டார். உயரக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார். முற்றமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்தார். தலைமை விருந்தினர் இன்னும் அரை மணியில் வந்துவிடுவார். "பரவாயில்லம்மா. இந்த ஒண்ணை மட்டும் இறக்கி வெச்சிடலாம். இருபத்தொண்ணு போதும்" என்று மெதுவாகச் சொன்னார்.

இறக்குவதா? பதினோரு பேர் வந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் இலை போட்டுவிட்டு அவர்களை மட்டும் எழுப்பி வெளியே அனுப்புவதா? அதுவும் என் கையால் வந்த தப்புக்காக. கடலே இல்லாத நாட்டுக்கு, ஒரே ஒரு ஆளுக்காகக் கொடி தைத்தவள் நான்.

"அத்த மட்டும் செய்யாதீங்க மேடம். தப்பு என்னுது. அரை மணி குடுங்க" என்றேன். எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னேன். நாற்பது வருஷப் பெருமையைச் சத்தமாகச் சொன்னவள், இதையும் சத்தமாகச் சொல்வதுதான் நியாயம்.

எதிர் வீட்டுக்காரி என்னை முழங்கையால் இடித்தாள். "பாதி தப்பு என்னுது. முழுசா நீயே எடுத்துக்காத."

கொடியை இறக்கினார்கள். உயரக்காரர் ஒரு நூலை எடுத்து, தலைகீழாகத் திருப்பி அப்படியே கட்டிவிடலாம் என்று கையால் காட்டினார். கட்டிப் பார்த்தோம். கட்டை கீழே தொங்கியது, கொடி மற்றவற்றைவிட ஒரு சாண் தாழ்ந்து நின்றது. பதினோரு பேரும் பரவாயில்லை, பரவாயில்லை என்று தலையாட்டினார்கள். அவர்கள் நல்ல மனசுக்காரர்கள். எனக்கு அது ஆகாது. ஒரே உயரம் என்றால் ஒரே உயரம்.

கயிற்றை உருவி, திருப்பிக் கோக்க வேண்டும். கட்டை குழாய்க்குள் நுழையாது. அதனால் கட்டையை அறுத்து எடுத்துவிட்டு, கயிற்றைத் திருப்பி விட்டு, மறுபடி கட்டையைப் பின்னிச் சேர்க்க வேண்டும். முடிச்சுப் போட்டால் கடல் காற்றில் நழுவும். கயிற்றின் மூன்று புரியையும் பிரித்து, கட்டையைச் சுற்றி, திரும்பக் கயிற்றுக்குள்ளேயே ஒன்று மாற்றி ஒன்று நுழைத்து இழுக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்தால் எதிர் வீட்டுக்காரிக்கு அது வெற்றிலை மடிக்கிற வேலை. அன்று அவள் புரியைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை எடுத்தேன். சுருக்குப்பையில் சின்னக் கத்தரி எப்போதும் இருக்கும். தையலைப் பிரித்தேன். நூல் கோக்கக் கண் தெரியவில்லை. சமையல்காரர் ஊசியை வாங்கி, ஒரே குத்தில் கோத்துக் கொடுத்துவிட்டு, நாடகக்காரர் மாதிரி சபைக்குக் குனிந்து கும்பிட்டார். காற்று துணியைத் தூக்கிப் போட்டது. யார் சொன்னார்களோ, ஆளாளுக்கு வந்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கொடியைச் சுற்றி ஏழெட்டு நாடு. எங்கள் தெருப் பெண்களும் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

எதிர் வீட்டுக்காரி கயிற்றின் புரியைப் பிரித்து முதல் சுற்றைச் சுற்றினாள். சரியாக வரவில்லை. எதிரே குனிந்திருந்த உயரக்காரர் நாக்கால் 'ச்சு' என்று சத்தம் போட்டு, விரலை நீட்டி இரண்டாம் புரியைத் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் இருந்த, பச்சைக் கொடி நாட்டுக் கப்பல் இன்ஜினியர் ஒருவர் தலையை ஆட்டி, இல்லை, மூன்றாவதுதான் என்றார். சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டு வந்து, இரண்டு பேரையும் ஒதுக்கிக் கையை நீட்டினார்.

"கம்முனு இருங்கடா எல்லாரும்" என்றாள் எதிர் வீட்டுக்காரி. "நான் பொறந்ததுலேர்ந்து கவுறு முறுக்கினு கீறேன். எனுக்கு சொல்ல வந்துட்டானுங்க."

அவர்களுக்குப் புரிந்ததோ என்னவோ, மூன்று பேரும் அடங்கினார்கள். அவள் கையும் பழைய வேகத்துக்கு வந்தது. முதல் புரி மேலே, இரண்டாவது அடியில், மூன்றாவது குறுக்கே. உயரக்காரரின் முகம் மலர்ந்தது. தன் சட்டைப் பையிலிருந்து சாவிக் கொத்தை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு துண்டுக் கயிறு, அதே பின்னல். இன்ஜினியர் தன் இடுப்புக் கத்தியின் கயிற்றைக் காட்டினார். அதே பின்னல். சமையல்காரர் தன் கழுத்துச் சிலுவையை வெளியே எடுத்தார். அந்தக் கயிற்று முனையிலும் அதுவேதான். நெட்டுக்குப்பத்தில் அவளுக்கு அவள் அப்பா சொல்லிக் கொடுத்ததை, இவர்களுக்கு எந்த ஊரில், எந்த அப்பா சொல்லிக் கொடுத்தாரோ.

"அடியே யக்கா, இவனுங்க எல்லாம் எங்க ஆளுங்கடி" என்றாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உயரக்காரரின் சாவிக் கொத்தை வாங்கிப் பார்த்து, இறுக்கம் போதாது என்று அதையும் ஒரு இழுப்பு இழுத்துக் கொடுத்தாள்.

கடைசித் தையலை நான் போட்டுப் பல்லால் நூலைக் கடித்தபோது வாசலில் கார் சத்தம். மேடம் கையைப் பிசைந்தார். டிரைவர் அண்ணன் வாசலுக்கு ஓடி, விருந்தினர் காருக்குக் குறுக்கே தன் வண்டியைப் போட்டு, கிளப்ப முடியாதது போல் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை, தானாகத்தான் செய்தார்.

கட்டையை நான் இரண்டு தரம் பார்த்தேன். நீலத்தின் பக்கம். எதிர் வீட்டுக்காரியை இந்தப் பக்கம் வரச் சொல்லி, என் தோளை ஒட்டி நிற்க வைத்து, அவளையும் பார்க்கச் சொன்னேன். நீலத்தின் பக்கம்தான். பதினோரு பேரையும் கேட்டேன். பதினோரு கட்டை விரல் மேலே போனது.

உயரக்காரர் எட்டிக் கட்டையை மாட்டினார். கொடி ஒரு நொடி துவண்டு கிடந்தது. பிறகு காற்று உள்ளே புகுந்தது. நீலம் மேலே, சிவப்பு கீழே. பக்கத்துக் கொடிகளோடு ஒரே மட்டம், ஒரு விரல்கூட ஏற்றத்தாழ்வு இல்லை. பதினோரு பேரும் ஏதோ ஒரு பாட்டை ஆரம்பித்தார்கள். சமையல்காரர் உயரக்காரரிடம் போய்க் கை கொடுத்தார்.

டிரைவர் அண்ணன் வாசலிலிருந்து கத்தினார்: "இன்னா ஆயா, சண்டை முடிஞ்சுதா? வண்டிய எடுக்கட்டா?"

"முடிஞ்சுது நைனா. எடு."

தலைமை விருந்தினர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. எல்லா நாடும் ஒரே குடும்பம் என்றுதான் பேசியிருப்பார். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்ததால் கழுத்து பிடித்துக்கொண்டது. சாப்பாட்டுக்குப் பிறகு பதினோரு பேரும் எங்கள் ஒன்பது பேரை ஆட விட்டார்கள். அதையும் சொல்லலாம், ஆனால் தெருவில் தலை காட்ட வேண்டும்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இப்போது ஒரு கொடி திரும்பி வந்தது என்று நானே முதலில் சொல்லிவிடுகிறேன், நாற்பது வருஷக் கதை அதற்குப் பிறகுதான். கயிறு கோக்க நாங்கள் எதிரெதிரே உட்காருவதில்லை. ஒரே பாயில், ஒரே பக்கம், தோளோடு தோள். இடம் போதவில்லை. அவள் முழங்கை என் விலாவில் இடிக்கிறது, என் ஊசி அவள் தொடையில் குத்துகிறது. நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே இருக்கிறோம்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு மே" என்கிறேன்.

"தள்ளி உக்காந்தா நாளைக்கு எந்த ஊர்ல சண்டை வருமோ" என்கிறாள்.